வெறுங்கால்

“எந்த வெரல்ல கட்றது?” என்று பொன்னுரங்கம் கேட்டார். பழைய வேட்டியிலிருந்து கிழித்த துணி அவர் கையில் தொங்கிக்கொண்டிருந்தது.

கூடத்தின் நடுவில் பாயில் கிடத்தப்பட்டிருந்த கண்ணாயிரத்தின் வலது காலில் கணுக்கால்வரை கட்டு. கட்டைவிரல் இருக்க வேண்டிய இடத்தில் கட்டு தட்டையாக இருந்தது. தீனதயாளன் அப்பாவின் இடது காலைப் பிடித்துக்கொண்டு குத்துக்காலிட்டிருந்தான். இரண்டு கட்டைவிரல்களையும் சேர்த்துக் கட்ட வேண்டும். ஒரு விரல் இல்லாதவருக்கு எப்படிக் கட்டுவதென்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. பொன்னுரங்கம் அப்பாவின் பங்காளி, தீனதயாளனுக்குச் சித்தப்பா முறை. சொந்த ஊரான வடக்கனந்தலில் எத்தனையோ பேருக்கு வாய்க்கட்டும் கால்கட்டும் போட்டவர். அவரே துணியோடு நின்றார்.

“கணுக்கால்ல கட்டிடுங்க சித்தப்பா.”

“அப்ப இந்தக் கட்ட பிரிச்சுடு. இதுமேல கட்டுனா நிக்காது.”

“வேணாம். டாக்டரு பிரிக்கக் கூடாதுன்னாரு. கிருமி ஜாஸ்தியாம்.”

டாக்டர் அப்படி எதுவும் சொல்லவில்லை.

பொன்னுரங்கம் அவனை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு கட்டின் மேலேயே துணியைச் சுற்றி இறுக்கினார். தலைமாட்டில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்த அம்மா அம்சவள்ளி, அந்தத் துணி இறுகுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விடிவதற்கு முன்னால் ஆஸ்பத்திரியில் அப்பாவின் மூச்சு நின்றதிலிருந்து அவள் அழவில்லை. பேசவும் இல்லை. ஆம்புலன்ஸில் வரும்போது மட்டும் டிரைவரிடம் மெதுவாகப் போகச் சொன்னாள்.

அம்மாவுக்குத் தெரியுமா என்பதுதான் தீனதயாளனுக்குத் தெரிய வேண்டும். அப்பா இறந்த துக்கம் அதற்கு அப்பால் எங்கேயோ, இன்னும் வந்து சேராமல் நின்றுகொண்டிருந்தது.

போன மாதம் பாண்டிச்சேரியில், கட்டைவிரலை எடுப்பதற்கு முந்தின நாள், டாக்டர் அப்பாவின் பாதத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார். “எங்கயாவது சூட்டுல நின்னாரா? தார் ரோடு, பாறை மாதிரி? இது வெந்த புண்ணு. இடது கால் கொப்புளம் ஆறிடுச்சு, இது ஆறல. சக்கரைல கால் மரத்துப்போயிருக்கு, அவருக்குத் தெரிஞ்சிருக்காது.” தீனதயாளன் தெரியவில்லை என்றான். அவன் மனைவி அபிநயா அப்போது மருந்து வாங்கப் போயிருந்தாள். அப்பா மயக்கத்தில் இருந்தார். அம்மா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பெஞ்சு கதவை ஒட்டித்தான் இருந்தது. கதவு சாத்தியிருந்ததா, திறந்திருந்ததா என்பதை அவனால் இன்றுவரை நினைவுக்குக் கொண்டுவர முடியவில்லை. எத்தனையோ முறை முயன்றுவிட்டான். சில நேரம் சாத்திய கதவு தெரியும். சில நேரம் அதே கதவு ஒரு கை அகலத்துக்குத் திறந்திருக்கும்.

வெளியே வந்து சக்கரைப் புண் என்று சொன்னான். எல்லோரிடமும் அதையே சொன்னான். அபிநயாவிடமும்.

*

தீனதயாளனுக்கு டவுனில், துருகம் சாலையில் டைல்ஸ் கடை. வீட்டைக் கட்டியபோது முன்பக்கம் புல்தரை வேண்டுமென்று அபிநயா ஆசைப்பட்டாள். கேட்டிலிருந்து வாசற்படி வரைக்கும் கொரியன் புல் பதித்தார்கள். நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு வடக்கனந்தலிலிருந்து வந்து சேர்ந்த அப்பா, அதைப் பார்த்துச் சிரித்தார். மாடு திங்காத புல்லுக்கு மோட்டார் போட்டுக்கினு இருக்கீங்களே என்றார். ஆனால் ஒரு மாதத்துக்குள் அது அவருடைய வேலையாகிவிட்டது. காலையில் குழாயை இழுத்துப் போட்டுத் தண்ணீர் விடுவார். வெயில் ஏறியபிறகும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கோரையைப் பிடுங்கிக்கொண்டிருப்பார். செருப்பு போட்டுக்கொள்ளுங்கள் என்று அபிநயா பலமுறை சொல்லிவிட்டாள். தெருவுக்குப் போனால்தான் அவருக்குச் செருப்பு. கேட்டுக்கு உள்ளே வந்துவிட்டால் அது வீடு. வூட்டுக்குள்ள எவனாவது செருப்பு போடுவானா என்பார்.

ஐப்பசி மழையில் அந்தப் புல்லில் வழுக்கி விழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு பல நாள் படுத்திருந்தார். எழுந்து நடக்கத் தொடங்கியபோது அதே புல்லில் ஒரு கட்டுவிரியன் கிடந்தது. அதற்குப் பிறகுதான் தீனதயாளன் முடிவெடுத்தான். கடைக்கு வந்த செயற்கைப் புல் ரோல்கள் இருந்தன. மண்ணைக் கொத்தியெடுத்து, கீழே சிமெண்ட் போட்டு, மேலே விரித்து ஒட்டினார்கள். விழ மாட்டீர்கள், பாம்பு வராது, தண்ணீர் வேண்டாம் என்று அப்பாவிடம் சொன்னான். எல்லாம் உண்மையாகத்தான் சொன்னான். அப்பா அதன் மேல் நடந்து பார்த்தார். குனிந்து ஒரு இழையைப் பிடித்து இழுத்தார்.

“வேரு நல்லா புடிச்சிருக்குதுடா” என்றார். வேலையாட்களும் சிரித்தார்கள்.

மாசி கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாடி அறையிலிருந்து தீனதயாளன் ஜன்னல் வழியாகப் பார்த்தான். பக்கத்து வீட்டு வேம்பிலிருந்து உதிர்ந்த சருகுகளை அப்பா ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார். பிடுங்குவதற்குக் கோரை இல்லை, பொறுக்குவதற்காவது ஏதோ இருக்கிறதே என்று அவனுக்கு நிம்மதியாக இருந்தது. செல்போனை எடுத்துக்கொண்டு இறங்கி வந்தான். ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு புல்லில் ஏறினான். மதில் நிழலில் இருந்த அப்பாவை நடுவில் வரச் சொன்னான். நிமிர்ந்து நிற்கச் சொன்னான். இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று எடுத்தான். கை நிறையச் சருகை வைத்துக்கொண்டு அப்பா அப்படியே நின்றார். அப்போது கடைக்கு வர வேண்டிய லோடு பற்றிப் போன் வந்தது. பேசிக்கொண்டே அவன் உள்ளே போய்விட்டான். போதும் என்று அப்பாவிடம் சொன்னானா இல்லையா என்பது அந்தக் கதவைப் போலவே நினைவுக்கு வராத இன்னொன்று.

சாயங்காலம் அந்தப் படத்தை ஸ்டேட்டஸில் வைத்தான். தண்ணீர் வேண்டாம், களை வேண்டாம், அப்பாவுக்கே பிடிச்சிருச்சு என்று எழுதினான். நிறைய பேர் விலை கேட்டார்கள்.

*

நைனார்பாளையத்திலிருந்து வேன் வந்து நின்றபோது ஐஸ் பெட்டியை வெளியே, சாமியானாவுக்குக் கீழே கொண்டுவந்து வைத்திருந்தார்கள். புல்லுக்குக் கீழே சிமெண்ட் என்பதால் பந்தல்காரர்கள் குழி தோண்ட முடியாமல், பைப்புகளை ஜல்லி நிரப்பிய டின்களில் நிறுத்தியிருந்தார்கள். ராஜாம்பாள் அத்தை வேனிலிருந்து இறங்கும்போதே தலையில் அடித்துக்கொண்டு வந்தாள். அப்பாவுக்கு மூத்தவள், கூடப் பிறந்தவர்களில் மிஞ்சியிருந்தவள். பெட்டியின் கண்ணாடியில் விழுந்து, தம்பி தம்பி என்று அழுதாள். அம்மாவைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தாள். அம்மா அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தாள்.

அழுது முடித்து, மூக்கைச் சிந்தி, காபி குடித்த பிறகு அத்தை பேசத் தொடங்கினாள்.

“தீனா, சொல்லிட்டேன். பதினாறு முடிஞ்சதும் இவள நான் கூட்டிக்கினு போறேன். நீயும் உம்பொண்டாட்டியும் காலைல கடைக்குப் போனா ராத்திரி வர்றீங்க. இவ யாரு மூஞ்சிய பாத்துக்கினு இருப்பா?”

“அம்மா இங்கதான் இருக்கும் அத்தை.”

“அத நீ சொல்லாத. அவ சொல்லட்டும்.”

அம்மா டம்ளரைத் தரையில் வைத்து, அதை விரலால் அரைவட்டம் திருப்பினாள். தீனதயாளன் காத்திருந்தான். அத்தையும் காத்திருந்தாள். யாரோ மாலையோடு உள்ளே வந்ததில் அந்தப் பேச்சு அப்படியே நின்றுபோனது.

 அம்மா போவதென்றால் அது அத்தைக்காக இருக்காது. தெரிந்திருந்தால் மட்டும்தான் போவாள். தெரிந்திருந்தால் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்காமல், பையை எடுத்துக்கொண்டு, வரேண்டா என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவாள். அவளுக்கு அப்படித்தான் வரும்.

அத்தை மகன் பிரவீன்குமார் பேனருக்குப் படம் கேட்டு விடிகாலையிலேயே போன் செய்திருந்தான். தீனதயாளன் அப்பாவின் பாஸ்போர்ட் அளவுப் படம் ஒன்றை அனுப்பிவிட்டு அதை மறந்துபோனான். பேனர் இப்போது வேனின் மேலிருந்து இறங்கியது. மூங்கில் சட்டத்தில் அடித்து, கேட்டுக்கு உள்ளே, எல்லோரும் பார்க்கும்படி மதிலோரமாக நிமிர்த்தினார்கள்.

கண்ணீர் அஞ்சலி என்ற எழுத்துக்குக் கீழே, ஆள் உயரத்துக்கு மேல், அப்பா புல்லின் நடுவில் நின்றுகொண்டிருந்தார். கையில் சருகு. கண்ணைச் சுருக்கிக்கொண்டு சிரிக்கிறார். வெறுங்கால். நிழல் காலுக்கு அடியில் வட்டமாக, ஒரு தட்டு அளவுக்கு மட்டும் இருந்தது.

“நீ அனுப்புனதுல மூஞ்சே தெரியல மச்சான். உன் ஸ்டேட்டஸ் நான் எடுத்து வெச்சிருந்தேன். பேக்ரவுண்டு செமயா இருக்கு, வெட்ட வேணாம்னு கடைக்காரனே சொல்லிட்டான்” என்றான் பிரவீன்குமார். அவன் கண்கள் சிவந்திருந்தன. மாமனுக்காக ஓடி ஓடி வேலை செய்கிறான். தீனதயாளன் நல்லா இருக்கு என்றான்.

அதற்குப் பிறகு வந்தவர்களில் யார் பெட்டியைப் பார்க்கிறார்கள், யார் பேனரைப் பார்க்கிறார்கள் என்பதையே அவன் பார்த்துக்கொண்டிருந்தான். பெட்டியில் கால் வெள்ளைத் துணிக்குள் இருந்தது. பேனரில் மூடுவதற்கு எதுவும் இல்லை. ஸ்டாண்டு ஃபேனைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பேனருக்கு முன்னால், பாதம் மறையும்படி வைத்தான். காற்று அங்கே யாருக்கு என்று அபிநயா கேட்டாள். கொஞ்ச நேரத்தில் பிரவீன்குமார் போட்டோ மறைக்குது என்று அதை நகர்த்தினான். தீனதயாளன் பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசையாக அங்கே போட்டான். உட்கார்ந்தவர்கள் வெயில் படுவதாகச் சொல்லி நாற்காலியை எடுத்துக்கொண்டு நிழலுக்குப் போனார்கள்.

கடையில் சாமான் வாங்கும் ஒருவர் மாலை போட்டுவிட்டு அவன் பக்கத்தில் வந்து கையைப் பிடித்தார். அப்பாவைப் பற்றி இரண்டு வார்த்தை சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, இந்தப் புல்லுதானே ஸ்டேட்டஸ்ல போட்டது என்று கேட்டார். மாடியில் பேரப் பிள்ளைகள் விளையாடப் போடலாம் என்று யோசிப்பதாகவும், இப்போது பேசக் கூடாதுதான் என்றும் சொன்னார்.

“போடாதீங்க” என்றான் தீனதயாளன்.

அவர் திகைத்துப் பார்த்தார். “ஸ்டாக் இல்ல” என்று சேர்த்துக்கொண்டான்.

சூரியன் ஏற ஏற சாமியானாவின் நிழல் மேற்கு மதிலை விட்டு நகர்ந்து வந்தது. மதிலுக்கு அப்பால் கல்வராயன் மலை வெளுத்துப்போய்க் கிடந்தது. சித்திரை பிறந்தும் மழை இல்லை. நிழலை விட்டு வெளியே போன புல்லின்மேல் காற்று நடுங்குவதைத் தீனதயாளன் பார்த்தான். வேறு யாராவது பார்க்கிறார்களா என்றும் பார்த்தான்.

அத்தை எச்சில் துப்புவதற்காக எழுந்து மதிலோரம் போனாள். நிழலைத் தாண்டி ஒரு அடி வைத்தவள் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

“யம்மா, தோசக்கல்லு மாரி கீது. இதுல எப்பிட்றா நடக்கறீங்க?”

 அத்தை குனிந்து அந்தப் பச்சையைத் தொட்டுப் பார்த்தாள். நிமிர்ந்தபோது பேனர் அவளுக்கு நேர் எதிரே இருந்தது. அவள் தம்பி சிரித்துக்கொண்டிருந்தான். அத்தை அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு கீழே பார்த்தாள். 

“காலைல ஜில்லுனு இருக்கும் அண்ணி” என்றாள் அம்மா.

வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அது. அவள் பெட்டிக்குப் பக்கத்தில், யாரையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள்.

*

குளிப்பாட்டுவதற்காக உடலை வெளியே எடுத்துப் பெஞ்சில் கிடத்தினார்கள். நாலு பேர் வேட்டியை விரித்துப் பிடித்து மறைப்புக் கட்டினார்கள். உறவுக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து தலையில் எண்ணெயும் சீயக்காயும் வைத்தார்கள். தீனதயாளன் முதல் குடத்தை ஊற்றினான். தண்ணீர் புல்லுக்குள் இறங்கிக் காணாமல் போய், சற்றுத் தள்ளிக் கேட்டுக்கு அருகே சீயக்காய் நுரையோடு வெளியே வந்தது. அதில் நின்றவர்கள் காலைத் தூக்கித் தூக்கி வைத்தார்கள்.

பொன்னுரங்கம் கால்மாட்டுக்கு வந்தார். “இப்ப பிரிச்சுத்தான் ஆவணும் தீனா. கட்டோட எப்பிட்றா அனுப்பறது?”

“அது மேலயே ஊத்திடலாம் சித்தப்பா. டாக்டரு…”

“நீ நவுரு” என்றாள் அம்மா.

அவளை யாரும் அழைத்து வரவில்லை. அவளே வந்திருந்தாள். பெஞ்சின் கால்மாட்டில் முட்டி போட்டு உட்கார்ந்து, பொன்னுரங்கம் கட்டிய துணியை அவிழ்த்தாள். பிறகு கட்டின் நுனியைத் தேடிப் பிடித்து, சுற்றுச் சுற்றாகப் பிரித்தாள். கடைசிச் சுற்று ஒட்டிக்கொண்டிருந்தது. சொம்புத் தண்ணீரை அதன்மேல் விட்டு, ஊறும்வரை காத்திருந்தாள். உயிருள்ள காலுக்குக் காத்திருப்பதுபோலக் காத்திருந்தாள். அந்த நேரம் தீனதயாளனுக்கு முடியவே இல்லை.

துணி வந்துவிட்டது. விரல் எடுத்த இடம் கறுத்திருந்தது. ஆனால் எல்லோர் கண்ணும் உள்ளங்காலுக்குத்தான் போனது. குதிகாலிலிருந்து விரல் அடி வரைக்கும் பாதத்தின் தோல் முழுக்க உரிந்து, ஓரங்களில் காகிதம்போலச் சுருண்டிருந்தது. குழிந்த நடுப்பகுதி மட்டும், தரையில் படாத இடம், பழைய தோலோடு அப்படியே இருந்தது.

அத்தை வேட்டி மறைப்பைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து நின்றாள்.

“இது இன்னா புண்ணுடா, தீனா?”

அவள் குரலில் கோபம் இல்லை. உண்மையிலேயே தெரியாமல் கேட்கிறாள். அதுதான் அவனைத் தடுமாற வைத்தது. சக்கரைப் புண் என்ற சொல் வாய்வரை வந்து நின்றது. கையில் குடம் கனத்தது. மறைப்பைப் பிடித்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பொன்னுரங்கம் தலையைக் குனிந்துகொண்டார். கேட்டுக்கு வெளியே பறைச் சத்தம் நின்றிருந்தது. யாரோ ஒரு குழந்தை எங்கேயோ தண்ணீர் கேட்டது. தீனதயாளன் வாயைத் திறந்தான். எதைச் சொல்லப்போகிறோம் என்று அவனுக்கே தெரியவில்லை.

“தண்ணி ஊத்துங்க அண்ணி” என்றாள் அம்மா. “நேரம் ஆவுது.”

அவள் பாதத்தை உள்ளங்கையில் தாங்கிப் பிடித்திருந்தாள். அத்தை அவளைப் பார்த்தாள், இவனைப் பார்த்தாள். சொம்பை எடுத்து ஊற்றினாள். அம்மா விரல் இடுக்குகளைக் கழுவினாள். உரிந்த இடத்தைத் தேய்க்காமல், தண்ணீரை மட்டும் கையால் வழித்துவிட்டாள். கழுவி முடித்துப் புது வேட்டியின் ஓரத்தால் ஒற்றியெடுத்தபிறகு, இரண்டு கணுக்கால்களையும் சேர்த்து அவளே கட்டினாள்.

மகனின் முகத்தை அவள் ஒருமுறையும் பார்க்கவில்லை. அதற்கு என்ன அர்த்தம் என்று பாடையைத் தூக்கும்வரை அவன் யோசித்துக்கொண்டிருந்தான். கொள்ளிச் சட்டியைக் கையில் வாங்கும்போதும் அதைத்தான் யோசித்தான்.

*

கோமுகி ஆற்றங்கரைச் சுடுகாடு வரைக்கும் தார் ரோடு. பிரவீன்குமார் இரண்டு முறை வண்டியில் ஏறிக்கொள்ளச் சொன்னான். தீனதயாளன் ஏறவில்லை. பறை முன்னால் போக, செருப்பில்லாமல் நடந்தான். முதலில் பாதம் எரிந்தது. பிறகு ஒவ்வொரு அடியும் தனித்தனியாகத் தெரிந்தது. வலி தெரிகிற காலை வைத்துக்கொண்டே இவ்வளவு தூரம் நடக்க முடிகிறதென்றால், தெரியாத காலோடு எவ்வளவு நேரம் நிற்க முடியும் என்று நினைத்தான். அந்தக் கேள்விக்குள் நெடுநேரம் நடந்தான். சிதையைச் சுற்றும்போது பொன்னுரங்கம் அவன் தோளைப் பிடித்துத் திருப்ப வேண்டியிருந்தது.

பம்புசெட்டில் தலைமுழுகி, ஈர வேட்டியோடு பிரவீன்குமாரின் பைக்கில் திரும்பினான். கேட்டுக்கு வெளியே அவனை இறக்கிவிட்டுவிட்டு, மற்றவர்களை அழைத்துவர பிரவீன்குமார் மறுபடியும் போனான்.

சாமியானா இல்லை. அன்று சாயங்காலம் சின்னசேலத்தில் ஒரு கல்யாண வேலை இருப்பதாகப் பந்தல்காரர்கள் சொல்லியிருந்தார்கள். பிணத்தை எடுத்ததும் துணியையும் பைப்பையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பேனர் மட்டும் நின்றது. பெஞ்சு கழுவிக் கவிழ்க்கப்பட்டிருந்தது. கேட்டிலிருந்து படி வரைக்கும் பச்சை, நிழலே இல்லாமல் விரிந்து கிடந்தது. படிக்கு மேலே, திறந்த கதவுக்குள், அப்பா கிடந்த இடத்தில் ஏற்றி வைத்த விளக்கு சின்னதாகத் தெரிந்தது. அதைப் போய்ப் பார்க்க வேண்டும். பார்த்தால்தான் காரியம் முடியும்.

கேட்டோரம் வைத்திருந்த வாளியில் காலைக் கழுவினான். பாதத்தில் இரண்டு இடத்தில் கொப்புளம் எழும்பியிருந்தது. பக்கத்திலேயே யாருடைய செருப்போ கிடந்தது. கொள்ளி வைத்தவன் செருப்பு போடக் கூடாது. ஓடிக் கடந்துவிடலாம். சின்னப் பிள்ளைகள் அப்படித்தான் கடக்கிறார்கள். ஆனால் ஓட முடியாது என்று அவனுக்குத் தோன்றியது. அந்தப் படத்துக்கு முன்னால் ஓட முடியாது. வலது காலைப் புல்லின் மேல் வைத்தான். ஈரப் பாதம் ஒரு கணம் பொறுத்தது. பிறகு சூடு எலும்புவரை ஏறியது. பல்லைக் கடித்துக்கொண்டு இடது காலையும் வைத்தான்.

உள்ளேயிருந்து அத்தையின் குரல் கேட்டது. “நீ எங்க வர்ற அம்சவள்ளி? இன்னிக்கி நீ வாசலுக்கு வரக் கூடாது.”

அம்மா படியில் நின்றிருந்தாள். தலைக்குக் குளித்து ஈரக் கூந்தலை முடிந்திருந்தாள். நெற்றியில் எதுவும் இல்லை. இடுப்பில் ஒரு குடம். படியிலிருந்து இறங்கினாள். அவள் காலிலும் செருப்பு இல்லை. அந்தப் பச்சையின் மேல், அவசரப்படாமல், கூடத்தில் நடப்பதுபோலவே நடந்து வந்தாள்.

அவனுக்கு நாலு அடி தூரத்தில் நின்று, குடத்தைச் சாய்த்து, அவன் காலுக்கு முன்னால் ஊற்றினாள். கொஞ்சம் பொறுத்தாள். அவன் ஈரத்தில் காலை வைத்தான். அவள் ஒரு அடி பின்னால் போய், அடுத்த கால் வைக்கும் இடத்தில் ஊற்றினாள். மறுபடியும் பொறுத்தாள். ஊற்றியதும் கால் வைத்தால் சூடு அடங்கியிருக்காது. கொஞ்ச நேரம் விட வேண்டும். எவ்வளவு நேரம் விட வேண்டும் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.

“அம்மா” என்றான்.

அவள் நிமிரவில்லை. தண்ணீர் விழும் இடத்தையே பார்த்தாள். குடத்தை இன்னும் கொஞ்சம் சாய்த்தாள். அவன் காலை வைத்தான்.

பாதி தூரத்தில் தண்ணீர் தீர்ந்துவிட்டது. அவள் குடத்தைக் கவிழ்த்து, கடைசிச் சொட்டுகளை உதறினாள். பிறகு திரும்பி, வந்ததுபோலவே மெதுவாக நடந்து, வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனாள். அத்தை கதவைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். 

தீனதயாளன் இரண்டு காலையும் சேர்த்து அந்த ஈரத்துக்குள் நின்றான். ஓரங்களிலிருந்து அது காயத் தொடங்கியிருந்தது. கொல்லையில் குழாயைத் திருகும் சத்தம் கேட்டது. காலிக் குடத்துக்குள் தண்ணீர் விழத் தொடங்கியது. அந்த ஓசை கொஞ்சம் கொஞ்சமாக மாறிவருவதைக் கேட்டுக்கொண்டு, அவன் விரல்களை உள்ளே மடக்கிக்கொண்டான்.